வீமனுக்குச் சுகம் வந்துவிட்டது, காயத்துக்கு இன்னும் வரவில்லை

கேள்வி:

வணக்கம் டொக்டர். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். எங்கள் வீமனுக்கு மூன்று வயது, ஊர்நாய், கடுவன். போன சனிக்கிழமை இங்கு நடந்த கருத்தடை முகாமில் அவனுக்கும் செய்வித்தோம். நிறை 16 கிலோ என்று அட்டையில் எழுதித் தந்தார்கள். காதின் ஓரத்தில் சின்னதாக வெட்டியும் விட்டிருக்கிறார்கள். அன்று இரவு முனகிக்கொண்டே கிடந்தான்; மாமா பாவம் பார்த்து அரைப் பனடோலைச் சோற்றில் வைத்துக் கொடுத்துவிட்டார். ஞாயிறு முழுக்கச் சாப்பிடவில்லை. திங்களில் இருந்து சாப்பிடுகிறான், வாலாட்டுகிறான், குரங்கைக் கண்டு பாய்கிறான். ஆனால் விதைப்பை திரும்பவும் தேசிக்காய் அளவுக்கு வந்திருக்கிறது. விதையை எடுக்காமலே தைத்துவிட்டார்களோ என்று இவர் கேட்கிறார். ஓயாமல் நக்குகிறான். பக்கத்து வீட்டு ஐயா கழிவு ஒயில் பூசச் சொல்கிறார். மாமி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்திருக்கிறா. கச்சான் (நிலக்கடலை) தோட்டத்துக்குப் பன்றி இறங்குவதால் வெள்ளிக்கிழமையில் இருந்து வீமனைக் காவலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார் இவர். இனி அவன் காவலுக்கே உதவான் என்றும் ஊரில் சொல்கிறார்கள். நாங்கள் செய்தது பாவம் என்கிறா மாமி. ஒன்பது வயது மகன் அந்தக் காதைப் பார்த்துப் பார்த்து அழுகிறான். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் செவ்வாய் இரவு எழுதியிருக்கிறீர்கள். இன்று புதன். வெட்டு நடந்து நான்கு நாளாகிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி இரண்டாம் தரம் வாசிக்க வைத்தது, “குரங்கைக் கண்டு பாய்கிறான்” என்ற வரிதான். அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். முதலில் இன்றைக்கே பார்க்க வேண்டியதைப் பார்ப்போம்.

பின்னேரம் வெயில் தணிந்ததும் வீமனை விறாந்தையில் ஒரு சாக்கை விரித்துப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். அவன் மிகவும் நம்புகிற ஆள் தலைப்பக்கம் இருக்கட்டும். எவ்வளவு சாதுவான நாயும் நோகிற இடத்தில் கை பட்டால் கடிக்கும். அதனால் பழைய சீலைத்துண்டு ஒன்றால் வாயைச் சுற்றி ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுகளுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு மூடுப்படக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கவும் வேண்டாம். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே விடுகிறது. இந்த வெக்கைக்கு வாயைக் கட்டிப் போட்டால் சுருண்டுவிடும்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, போன் வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலான வைத்தியர்கள் கடுவனுக்குப் பையில் வெட்டுவதில்லை. பைக்குச் சற்று முன்னால், ஆணுறுப்பின் அடிப்பக்கத் தோலில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வெட்டி, அந்த வழியால் இரண்டு விதைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி எடுத்து, இரத்தக் குழாயை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டுத் தைப்போம். பை அப்படியே இருக்கும், வெறும் பையாக. முதல் சில நாட்களில் அதற்குள் நீரும் கொஞ்ச இரத்தமும் ஊறி நிற்கும். பிடித்துப் பார்த்தால் விதை இருப்பது போலவே இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. முகாம் நடக்கிற கிழமைகளில் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி இதே கேள்விதான். விதையை எடுத்துத்தான் இருக்கிறார்கள். பை கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கும். வளர்ந்த நாய் என்பதால் கடைசியில் சின்னத் தோல் மடிப்பாக மிஞ்சவும் கூடும்.

ஆகவே தேசிக்காய் அளவு என்றால் பொறுக்கலாம். தோடம்பழ அளவுக்குப் போனால் பொறுக்கக் கூடாது. பையின் தோல் இழுபட்டு மினுங்கினாலும், கறுத்த ஊதா நிறம் பரவினாலும், தொட்டவுடன் துள்ளினாலும் உள்ளே ஏதோ ஒரு குழாய் கசிகிறது அல்லது சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். நேற்று எவ்வளவு இருந்தது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வீர்கள். அதனால் ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் போனில் ஒரு படம் எடுங்கள். தீப்பெட்டி அளவு மாறாது. இன்றைய படமும் நாளைய படமும் சேர்ந்து உண்மையைச் சொல்லிவிடும். வைத்தியரிடம் போக நேர்ந்தாலும் அந்தப் படங்கள் பெரிய உதவி.

காயத்தின் இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்க வேண்டும். இலேசான சிவப்பும், ஒட்டினாற்போல ஒரு துளி தண்ணீர் மாதிரியான ஈரமும் இருந்தால் பறவாயில்லை. மஞ்சள், பச்சைச் சீழ், கெட்ட மணம், விளிம்பு பிரிந்து உள்ளே சிவந்த தசை தெரிவது, விடாமல் சொட்டும் இரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே உங்கள் பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். முகாமில் செய்தவர்கள் வேறு, இவர்கள் வேறு என்று தயங்க வேண்டாம். அட்டையைக் கையோடு கொண்டுபோனால் காணும்.

இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே உள்ள முரசை விரலால் ஒருதரம் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பவும் இளஞ்சிவப்பாக வர வேண்டும். முரசு வெளுத்தே கிடந்து, நாயும் எழும்ப மாட்டேன் என்று சோர்ந்து கிடந்தால், வெளியே ஒரு துளி இரத்தம் தெரியாவிட்டாலும் உள்ளே ஒழுகக் கூடும். உண்ணி அதிகம் கடித்த நாய்களில் இதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்த உடம்பில் இரத்தம் உறைவது குறைந்துபோயிருக்கும். வீமனின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இப்போதே மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டப் போக வேண்டாம்.

சரி, இனி அவன் நக்குவதற்கு வருவோம். நாய் நக்கினால் புண் ஆறும் என்று எங்கள் ஊர்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கீறலுக்கு எப்படியோ, தைத்த காயத்துக்கு அது கூடவே கூடாது. நாக்கு ஓயாமல் உரசி விளிம்பைப் புண்ணாக்கும். அதோடு வாயில் இருக்கிற கிருமி எல்லாம் ஈரத்தோடு சேர்ந்து தையல் துளைக்குள் போகும். நக்கி நக்கி அந்த இடம் ஊறிய பிறகு முன்பல்லால் நூலைக் கவ்வி இழுக்கும். இரவில் நீங்கள் தூங்குகிற ஒரு மணித்தியாலம் அதற்குக் காணும். “பகலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்” என்று சொல்லிக்கொண்டு காலையில் தூக்கி வருகிறவர்கள்தான் அதிகம்.

கழுத்தில் மாட்டும் கூம்பு வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா நகரங்களில் வாங்கலாம். உங்களுக்கு அது வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. வீட்டிலேயே செய்யுங்கள். பழைய எக்ஸ்றே படத்தாள் இரண்டு இருந்தால் அதுதான் மிகவும் நல்லது. நானே பல தரம் அதில்தான் செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒட்டி, விசிறி மாதிரி வெட்டி, கழுத்தைச் சுற்றிச் சுருட்டி ஒட்டினால் ஆயிற்று. அது இல்லாவிட்டால் பெயின்ற் வாளி. வாளியை நன்றாகக் கழுவி, அடியில் வீமனின் தலை போகிற அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். வெட்டின விளிம்பு கழுத்தை அறுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் பிளந்து அந்த விளிம்பைச் சுற்றி மாட்டுங்கள். விளிம்பில் நாலு துளை போட்டு, துளைக்கொரு நாடாவாக அவன் கழுத்துப் பட்டியோடு கட்டுங்கள். கழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் போக வேண்டும். வாளியின் வாய் அவன் மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூக்கு வெளியே தெரிந்தால் நாக்கு எட்டும். கட்டிய உடனே பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து, எட்டுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

முதல் நாள் சுவரில் முட்டுவான், பின்னால் பின்னால் நடப்பான், உங்களைப் பார்த்து ஊளையிடுவான். மகன் கழற்றச் சொல்லி மன்றாடுவான். கழற்றாதீர்கள். ஒரு நாளில் பழகிவிடும். தண்ணீர்ச் சட்டியை ஒரு கல்லில் உயர்த்தி வையுங்கள், குடிப்பான். சாப்பாட்டுக்கு மட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது கழற்றலாம். மகனின் பழைய காற்சட்டையில் வாலுக்கு ஓட்டை போட்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்டை நாய்க்கு ரீசேட் போடுவது நன்றாகவே வேலை செய்யும், கடுவனுக்குக் காற்சட்டை அவ்வளவு சரிவராது. மூத்திரத்தில் நனைந்து காயத்தோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

பனடோலைப் பற்றி. மாமாவைப் பேசாதீர்கள், அவர் இரக்கத்தில் செய்திருக்கிறார். அரை மாத்திரை என்றால் 250 மில்லிகிராம். 16 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வருகிறது. தேவைப்பட்டால் வைத்தியர் கொடுக்கக்கூடிய அளவின் மேல் விளிம்பு அது. ஒருதரம் கொடுத்து நாலு நாள் கடந்து, வீமனும் சாப்பிட்டுத் திரிகிறான் என்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் இதே 16 கிலோ நாய்க்கு மூன்று முழு மாத்திரை போனால் ஈரலைக் கெடுக்கிற அளவுக்குப் போய்விடும். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். இபுபுறூபன், டைக்குளோபெனாக் இரண்டையும் நாய்க்குத் தொடவே வேண்டாம். இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் கெடும். முகாமில் நோவுக்கு ஊசி போட்டுத்தான் விட்டிருப்பார்கள், அதற்கு மேலே இன்னொரு நோமருந்து சேர்ந்தால் இன்னும் மோசம். முதல்நாள் இரவு முனகியதில் பெரும்பங்கு மயக்க மருந்து இறங்குகிற குழப்பம். கண் திறந்திருக்கும், தலை நிற்காது, தான் எங்கே கிடக்கிறேன் என்று அதற்கே தெரியாது. ஞாயிறு சாப்பிடாததும் அதனால்தான். ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பது வழக்கம். இரண்டு நாள் கடந்தும் சாப்பிடாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

இனி அந்தக் குரங்கு.

நாய்க்கு நோவு இரண்டு மூன்று நாளில் போய்விடும். நோவு போனதும் தனக்குச் சுகம் என்று அது நினைக்கும். நாங்களும் அப்படியே நினைக்கிறோம். காயத்துக்கு வேறு கணக்கு. முதல் மூன்று நாலு நாளும் உடம்பு அந்த இடத்தைத் துப்புரவாக்குகிற வேலையில் இருக்கும். அந்த நாட்களில் இரண்டு விளிம்பையும் பிடித்து வைத்திருப்பது நூல் மட்டும்தான். நாலாம் ஐந்தாம் நாளில்தான் புது நார் இழை இழையாக ஓடத் தொடங்கும். அதாவது இன்றைக்கு, நாளைக்கு. இரண்டு கிழமை முடியும்போதுகூடத் தோலுக்குப் பழைய பலத்தில் கால்வாசி வந்திராது. இந்த நேரத்தில் பாய்ந்து ஓடினால் மேல்தையல் மட்டும் அறுவதில்லை. ஓட்டத்தில் இரத்த அழுத்தம் ஏறும், உள்ளே குழாயில் போட்ட கட்டும் நழுவக்கூடும்.

சில வருடங்களுக்கு முன் விசுவமடுப் பக்கத்தில் இருந்து ஓர் ஐயா தன் நாயை லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தார். வெட்டி ஆறாம் நாள். ஐந்து நாளும் கட்டி வைத்துக் கண்ணுங்கருத்துமாகப் பார்த்த மனிதர். ஆறாம் நாள் காலை “பாவம், கொஞ்சம் காலாறட்டும்” என்று அவிழ்த்திருக்கிறார். வேலிக்கரையில் ஓர் உடும்பு. நாய் கதியாலுக்குள்ளால் புகுந்து துரத்தியிருக்கிறது. என்னிடம் வரும்போது நாலு தையலில் மூன்று அறுந்து, பை மாம்பழம் மாதிரிக் கறுத்து வீங்கியிருந்தது. இரண்டாம் தரம் மயக்கி, உறைந்த இரத்தத்தை வழித்து, கடைசியில் பையையே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. “நல்லாத்தானே ஓடித் திரிஞ்சது டொக்டர்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். அவர் சொன்னது உண்மை. நாய் நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே வெள்ளிக்கிழமை காவல் இல்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. வெட்டு நடந்த சனியில் இருந்து பதினான்கு நாள் முழுதாக முடிய வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு இது நட்டம் என்று எனக்குத் தெரியும். ஓர் இரவில் பன்றிக்கூட்டம் கச்சானைக் கிண்டிப்போட்டால் ஒரு போகத்தின் உழைப்பு போய்விடும். இந்த இரண்டு கிழமையும் தகரம் தட்டுவது, பக்கத்துத் தோட்டக்காரரோடு முறை போட்டுக் காவல் இருப்பது என்று ஏதாவது ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். காயம் பிரிந்தால் இன்னொரு சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு இன்னொரு பதினான்கு நாள். அவனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அங்கே கட்டிப் போட்டால் என்ன என்று கேட்பார். பன்றி உறுமுகிற சத்தம் கேட்டால் கயிற்றை அறுக்கப் பாய்வானே தவிர, கட்டிக் கிடப்பதற்காகப் படுத்திருக்க மாட்டான். வீட்டில்தான் இருக்க வேண்டும்.

கட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. நீளக் கயிறு வேண்டாம், ஓடி இழுத்து அடிபடுவான். ஒன்றரை மீற்றர் காணும். படலையும் தெருவும் தெரியாத பக்கமாக, வீட்டின் பின்புறம், நாள் முழுக்க நிழல் விழுகிற இடத்தில் கட்டுங்கள். தெரு தெரிந்தால் ஒவ்வொரு சைக்கிளுக்கும் எழும்பிக் குரைப்பான். நிலத்தில் சாக்கோ பழைய பெட்சீற்றோ விரித்து, நாளுக்கு ஒருதரம் மாற்றுங்கள். இந்தச் சோளகக் காற்றுக்குச் செம்மண் புழுதி எல்லா இடமும் படியும். காலை, மத்தியானம், பின்னேரம், படுக்கப் போகும் முன் என்று நாலு தரம் கயிற்றில் பிடித்தபடி மெல்ல நடத்தி, மூத்திரம் பெய்ததும் திரும்பக் கொண்டுவாருங்கள். திண்ணையில் ஏறிக் குதிக்க விடாதீர்கள். குளிப்பாட்டுவது இல்லை. முத்தையன்கட்டு வாய்க்கால் பக்கம் கூட்டிப்போவதே இல்லை. ஊறின தையல் பிரியும், வாய்க்கால் தண்ணீரில் இருக்கிற கிருமிகளுக்கு அது திறந்த வாசல்.

ஓடித் திரிந்த நாய்க்குக் கட்டிக் கிடப்பது பெரிய துன்பம். தேங்காய்ச் சிரட்டையின் அடியில் கொஞ்சம் சோற்றையும் மீன் சாறையும் அப்பிக் கொடுத்தால் அதை நக்கித் தீர்க்கவே அரை மணித்தியாலம் எடுப்பான். கூம்பைக் கழற்றும் நேரத்தில், மகன் பக்கத்தில் இருந்து இதைச் செய்யலாம்.

பக்கத்து வீட்டு ஐயாவின் கழிவு ஒயில் வேண்டவே வேண்டாம். எஞ்சினில் இருந்து வடித்த எண்ணெயில் உலோகத் தூளும் நஞ்சும் இருக்கும். தோலால் உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். சொறிக்குப் பூசுவதே பிழை, தைத்த காயத்துக்கு யோசிக்கவே கூடாது. மாமியின் மஞ்சளும் வேப்பிலையும் அந்த மாதிரி நஞ்சு இல்லை. ஆனாலும் அரைத்த பசை தையலுக்குள் காய்ந்து படிந்தால் கீழே சீழ் பிடிப்பது தெரியாது, அதைக் கழுவி எடுக்கும்போது புதுத் தோலும் சேர்ந்து வரும். அந்த வேப்பிலையைச் சும்மா கொத்தாக அவன் கிடக்கிற இடத்தைச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள், மாமிக்கும் மனம் ஆறும். காயத்தில் எதையும் தடவாமல் உலர்வாக விடுவதே நல்லது. மண் பட்டால் மட்டும், கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சுத்தமான துணியை நனைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். டெற்றோல், ஸ்பிரிற் எதுவும் வேண்டாம், எரியும், எரிந்தால் இன்னும் நக்கப் பார்ப்பான்.

எங்கள் பக்கத்தில் தையலுக்குப் பெரிய எதிரி இலையான். ஈரமான காயத்தில் அது முட்டை இட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். காயத்தின் ஓரத்திலோ மயிரிலோ குறுநொய் ஒட்டின மாதிரி வெள்ளையாக ஏதும் தெரிந்தால் அது முட்டை. உடனே துடைத்து எடுங்கள். காதில் வெட்டின ஓரத்தையும் அப்படியே பாருங்கள், எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டிருக்க இலையான் காதில் இருக்கும். குழந்தைகளுக்கு வைக்கிற குடை மாதிரியான பழைய நுளம்பு வலை வீட்டில் இருந்தால் பகலில் அதைக் கவிழ்த்து விடுங்கள், அல்லது வலையைக் கயிற்றில் தூக்கிக் கட்டுங்கள். புழுவே வந்துவிட்டால் மண்ணெண்ணெய், பெற்றோல் ஊற்றாதீர்கள். புழு சாகும், தசையும் வெந்துபோகும். வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சாப்பாடு வழக்கம்போல. சோறும் மீனும் கொடுக்கலாம், பெரிய முள்ளும் கோழி எலும்பும் வேண்டாம். கருத்தடை செய்த நாய்க்கு முன்னைய அளவு சாப்பாடு தேவைப்படாது, கால்வாசி குறைத்தாலும் காணும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் உருண்டு போவான். நிறை கூடினால்தான் பன்றிக்குப் பின்னால் ஓட மாட்டான்.

காவலைப் பற்றி ஊர் சொல்வதற்கு உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாம்பனுக்கு நலம் எடுத்த (காளைக்குக் காயடித்த) பிறகு அது வண்டில் இழுக்காமல் விட்டதா? நலம் எடுத்துத்தானே ஏருக்கும் வண்டிலுக்கும் பழக்கினார்கள். வீமன் பன்றியைத் துரத்துவதும் படலையில் குரைப்பதும் அவன் பிறவிக் குணமும் நீங்கள் பழக்கிய பழக்கமும். அது விதையோடு போகாது. குறையப் போவது பெட்டைக்குப் பின்னால் நாலு நாள் காணாமல் போவதும், அங்கே கடிபட்டுக் காது கிழிந்து வருவதும்தான். அதுவும் நாளைக்கே குறையாது. ஆண் ஓமோன் சில நாளில் வடிந்துவிடும், பழக்கம் வடியக் கிழமைகள், சில வேளை மாதங்கள் எடுக்கும். ஒரு சில நாய்கள் பழையபடியே சுற்றுவதும் உண்டு. இன்னொன்று, குழாய்களில் மிஞ்சிய விந்து சில கிழமைகளுக்கு இருக்கும். இன்னும் ஆறு கிழமைக்கு அவனால் குட்டி தர முடியும் என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள். அயலில் பெட்டை நாய் பருவத்தில் இருந்தால் இரட்டிப்புக் கவனம். இந்தக் காயத்தோடு அவன் சேர்ந்தால் தையலும் போய்விடும்.

மாமி பாவம் என்று சொல்வதை நான் இலேசாக எடுக்கவில்லை. அது இரக்கத்தில் வருகிற சொல். ஆனால் மாமியும் கண்டிருப்பார்: சந்தை வாசலில், கோயில் வீதியில், ஏ9 கரையில் உரப்பைக்குள் கட்டிப் போட்ட கண் திறக்காத குட்டிகள். ஒரு பெட்டை வருடத்துக்கு இரண்டு தரம் கூடக் குட்டி போடும். ஒரு கடுவன் எத்தனை பெட்டைக்கும் போகும். 2006இல் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தும்வரை இந்த நாட்டில் அவற்றைப் பிடித்துக் கொன்றார்கள். அந்த இடத்துக்கு வந்ததுதான் இந்தக் கருத்தடையும் தடுப்பூசியும். இன்னொன்றையும் சொல்லுங்கள். நாய்கள் சேரும்போது ஒன்றில் இருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற ஒரு புற்றுநோய் இருக்கிறது. உறுப்பில் பூக்கோவா மாதிரி வளர்ந்து இரத்தம் சொட்டும். ஊர் சுற்றுகிற கடுவன்களில் நான் அதை அடிக்கடி பார்க்கிறேன். கிழமைக்கு ஒருதரம் ஊசி ஏற்றிக் குணமாக்கலாம், ஆனால் அதற்குள் நாய் படுகிற பாடும் வீட்டுக்காரர் படுகிற அலைச்சலும் பெரிது. வீமன் சேர்வதை விட்டால் அந்த நோய்க்கும் தப்பினான்.

விசர்நாய்த் தடுப்பூசி போட்டார்களா என்று அட்டையைப் பாருங்கள். பல முகாம்களில் சேர்த்தே போடுவார்கள், சிலவற்றில் விடுபடும். கருத்தடை செய்ததால் விசர் வராது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஊசி வருடத்துக்கு ஒருதரம் தனியாகப் போட வேண்டும்.

பெட்டை நாய்க்குச் செய்வித்தவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: பெட்டைக்கு வயிற்றையே திறக்கிறோம். ஆகவே கட்டி வைப்பதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். காயத்துக்குக் கீழே மெத்தென்று ஏதும் தள்ளிக்கொண்டு வந்தால், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் வயிற்றைச் சுற்றி, நக்க விடாமல், எந்த நேரமானாலும் வைத்தியரிடம் ஓடுங்கள்.

மகனுக்குச் சொல்லுங்கள்: காதை வெட்டும்போது வீமன் நல்ல தூக்கத்தில் இருந்தான், அவனுக்குத் தெரியவே தெரியாது. அந்த ஓரம் மெல்லக் காய்ந்து ஆறிவிடும். அது ஓர் அடையாளம். இவனுக்கு ஏற்கெனவே செய்தாயிற்று, இன்னொரு தரம் பிடித்து வெட்டாதே என்று அடுத்த முகாமில் வருகிற வைத்தியருக்குச் சொல்கிற அடையாளம். தீப்பெட்டி வைத்துப் படம் எடுக்கிற வேலையை அவனிடமே கொடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் அந்த வேலையைப் பெரியவர்களை விட ஒழுங்காகச் செய்வார்கள் என்பது என் அனுபவம்.

தோலுக்கு வெளியே நூல் தெரிந்தால் அதை வெட்டி எடுக்க வேண்டும். வருகிற சனி அல்ல, அதற்கடுத்த சனியோடு பதினான்கு நாள் முடிகிறது. அரச அலுவலகம் சனிக்கிழமை பூட்டு, அதனால் முதல்நாள் வெள்ளி காலையே கொண்டுபோங்கள். நூல் வெளியே தெரியாவிட்டால் உள்ளே கரைகிற நூலால் தைத்திருக்கிறார்கள், இழுத்துப் பார்க்க வேண்டாம். அப்படியானாலும் வைத்தியர் ஒருதரம் பார்த்து “சரி” என்று சொன்ன பிறகே கூம்பைக் கழற்றுங்கள். கயிற்றையும் அன்றே முழுதாக அவிழ்க்காமல், மூன்று நாலு நாள் வளவுக்குள் மட்டும் நடக்க விட்டுப் பார்த்து, பிறகு கச்சானுக்கு அனுப்புங்கள்.